குழாயில் கரையாத வெள்ளை

அன்று என் மகளிடம் வேதியியலைத் தப்பாகச் சொன்னது தெரியாமலா, தெரிந்தேவா? இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

நான் வேதியியல் பட்டதாரி. வெண்ணந்தூர்ப் பக்கம் கல்யாணமாகி வந்தபின் அந்தப் படிப்புக்கு மிஞ்சிய ஒரே மாணவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான். பள்ளிக் கண்காட்சிக்காகச் சப்பாத்தி மாவை உருட்டி, விளக்குமாற்றுக் குச்சி செருகி, தண்ணீர் மூலக்கூறு செய்து காட்டினேன். அது வளைந்திருப்பதால் ஒரு பக்கம் லேசான நேர்மின்சுமை, மறுபக்கம் எதிர்மின்சுமை. இரண்டும் இழுப்பதால் உப்பு பிரிந்து கரைகிறது என்றேன். மாவைக் கிள்ளித் தின்றுவிட்டுப் பெரியம்மாவிடம் ஓடிவிட்டாள்.

பெரியம்மா என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி; நான் அக்கா என்று கூப்பிடுவேன். பத்தாவதோடு நிறுத்தியவர், எங்கள் கோழிப்பண்ணையை நடத்துவது அவர்தான். கோழிகளை ஏற்றி அனுப்பிக் கொட்டகை காலியாக இருந்த வாரம் அது. அடுத்த குஞ்சுகள் வருவதற்குள் குடிநீர்க் குழாய்களை ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீரின் சுண்ணம் உள்ளே படிந்து அடைத்திருக்கும். நான் டீ கொண்டுபோனபோது, மகள் ஒரு குழாய்த் துண்டை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்து, அந்த வெள்ளை ஏன் கரையவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டிருக்கலாம்.

"அதுக ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சிருக்குது சாமி. தண்ணி இழுத்தா உடாது," என்ற அக்கா, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி ஆசிட் விட்டார். நுரைத்துக்கொண்டு போனது. மகள் கைதட்டினாள். என் மாவு உருண்டைக்குக் கைதட்டவில்லை.

"அதெல்லாம் இல்ல கண்ணு. எல்லாம் தண்ணியோட வடிவந்தான். பெரியம்மாளுக்கு அது தெரியாது," என்றேன்.

அக்கா டீயை வாங்கிக்கொண்டார். "ஆமாஞ்சாமி, உங்கம்மா படிச்சவ. அவகிட்டயே கேட்டுக்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயந்திரம் கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அயனிகளின் பிடி தண்ணீரின் இழுப்பை மிஞ்சினால் கரையாது. அக்கா சொன்னதும் அதுதான். சோற்று உப்பில் அந்தப் பிடியைத் தண்ணீர் வென்றுவிடுகிறது, சுண்ணத்தில் தோற்கிறது. தண்ணீரின் வடிவம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

அதற்குள் மகள் நான் சொன்னதை அட்டையில் எழுதி வண்ணமும் தீட்டிவிட்டாள். பெரியம்மாவிடம் இப்போது எதுவும் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை கண்காட்சி. அட்டையைத் திருத்தச் சொன்னால், இனி என்னிடமும் கேட்காமல் போய்விடுவாளோ? பிள்ளையிடம் இப்படித் தப்பை ஒப்புக்கொண்டவர்கள் இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். முதலில் அக்காவிடம் சொல்வதா, அவளிடம் சொல்வதா என்றும்.