அண்ணன் குரல் இருந்த டிஸ்க்

யூ.பி.எஸ். பெட்டி விட்டு விட்டுக் கத்தும் ஓசையை எந்த அலுவலகத்தில் கேட்டாலும் என் உள்ளங்கை இன்றைக்கும் சில்லிட்டுப் போகிறது. மற்றவர்களுக்கு அது கரண்ட் போய்விட்டது என்கிற அறிவிப்பு, அவ்வளவுதான். எனக்கோ வலங்கைமானில் அண்ணன் வீட்டு நடு அறை கண்முன் வந்துவிடும். மேசை மேல் கறுப்புக் கணினி. திரையில் பாதி தூரம் வந்திருந்த பச்சைக் கோடு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நின்னுடாதம்மா, நின்னுடாத" என்று அந்தக் கோட்டிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அண்ணி.

அண்ணன் விவசாயி. ஆனால் சுற்று வட்டாரத்தில் அவரை வயலை வைத்து யாருக்கும் தெரியாது. குரலை வைத்துத்தான் தெரியும். கபடி போட்டி நடக்கும் ஊரெல்லாம் மைக் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆடுபவன் கோட்டைத் தாண்டுவதற்குள் அவன் ஊர், அவன் அப்பா பேர், போன வருஷம் அவன் கால் வழுக்கி விழுந்த கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் அண்ணியும் கூடப் போனோம். புற்று, குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். "எடுத்துட்டா அப்பறம் எப்படிங்க பேசறது?" என்று அண்ணன் ஏதோ உர மூட்டையைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டார். டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அந்த அறையில் அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அண்ணி ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் எடுப்பவர். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் அழவில்லை. பாபநாசம் தாண்டியதும் அண்ணன் பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து காலையில சீக்கிரம் எந்திரிக்கணும் நீங்க" என்றார். "எதுக்கு?" என்றார் அண்ணன். "பேசறதுக்கு."

அப்படித்தான் தொடங்கியது. அந்த நாட்களில் அண்ணனுக்குக் காலையில் மட்டும் குரல் ஓரளவு தெளிவாக வரும். வெயில் ஏற ஏறக் கரகரத்துவிடும். அதனால் டீ குடித்த கையோடு மைக் முன்னால் உட்கார வைத்துவிடுவார் அண்ணி. ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் தேவைப்படும் பேச்சு என்னென்ன? வாங்க, உக்காருங்க, தண்ணி குடுங்க, வலிக்குது, வலிக்கல, கரண்ட் வந்துடுச்சா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா, எவ்வளவு நேரம் குளிப்ப, கதவச் சாத்து. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிவு செய்தார். முதல் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் வாக்கியங்கள் திரையில் வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் அண்ணன் குரல் பேசும். அண்ணன் நடுநடுவே குறும்பு செய்வார். "எம் பொண்டாட்டிக்குக் கொழம்பு வைக்கத் தெரியாது, இதையும் போட்டுக்க" என்பார். அண்ணி முகம் மாறாமல் அதையும் பதிவு செய்துகொள்வார். இதோடு, ஊர் ஊராகச் சொல்லி அனுப்பி, பையன்கள் செல்போனில் எடுத்துவைத்திருந்த கபடி வீடியோக்களையும் வாங்கி ஏற்றினார்.

இடம் தீர்ந்துபோனது அப்போதுதான். அந்தக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. திறக்கும்போதே எது வேண்டும் என்று கேட்கும். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இடது பாகம் விண்டோஸுக்கு, வலது பாகம் லினக்ஸுக்கு. பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வேலையும் விண்டோஸில். அண்ணியின் வேலையும் அண்ணனின் குரலும் லினக்ஸில். விண்டோஸ் பக்கம் பாதிக்கு மேல் காலி, லினக்ஸ் பக்கம் மூச்சுவிட இடமில்லை. பாகங்களின் அளவை மாற்றிவிடலாம் என்றார் அண்ணி. "வரப்ப நவுத்தப் போற, அதானே? அடுத்தவன் கேசு போட்டுடப் போறான் பாத்துக்க" என்றார் அண்ணன்.

அண்ணி அவசரக்காரர் இல்லை. முதலில் பதிவுகளை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தார். பிறகு விண்டோஸைச் சுருக்கினார். அது சிக்கலில்லாமல் முடிந்து நடுவே காலியிடம் கிடைத்தது. அடுத்ததுதான் கஷ்டமான வேலை. லினக்ஸ் பாகத்தை இடப்பக்கம் விரிக்க வேண்டுமானால், அதில் உள்ள அத்தனையையும் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி எழுத வேண்டும். மணிக்கணக்காகும். இடையில் மட்டும் நிற்கக் கூடாது. அதனால் மின்தடை எதுவும் அறிவிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பென் டிரைவிலிருந்து கணினியைத் திறந்து, காலையில் வேலையை ஓடவிட்டார். நான் அன்று அங்கேதான் இருந்தேன்.

குறுவை அறுவடை முடிந்து வைக்கோல் வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டபோது, வைக்கோல் கட்டுகளை வானளவு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் தெருவில் திரும்பியது. முனைக் கம்பத்தில் படாரென்று ஒரு சத்தம். கம்பி அறுந்து தொங்கியது. மின்விசிறி நின்றது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

"இது எவ்வளவு நேரம் தாங்கும் அண்ணி?"

"கால் மணி நேரம் தாங்குனா பெருசு."

"இப்பவே நிறுத்திட்டா?"

"நிறுத்துனாலும் அதே கதிதான். பாதியில நிக்கும்."

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பந்தல்காரரிடம் பறந்தேன். ஒரு கல்யாணத்துக்கு அனுப்ப ஜெனரேட்டரை அப்போதுதான் குட்டியானை வண்டியில் ஏற்றியிருந்தார். "அண்ணன் குரலுங்க, அண்ணன் குரல் போயிடும்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, டிரைவரைப் பார்த்து, "அங்க போயிட்டு அப்பறம் மண்டபத்துக்குப் போ" என்றார். தெருமுனையில் வைக்கோல் டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் டிரைவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் சேர்ந்து ஜெனரேட்டரை இறக்கி, கையால் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தோம். அது உறுமிக்கொண்டு கிளம்பியபோது, உள்ளே கத்தல் நின்றிருந்தது.

திரை கறுப்பாக இருந்தது. அண்ணி கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார். பிறகு நிதானமாக எழுந்தார். "பரவால்ல. காப்பி இருக்கு" என்றார். பீரோவைத் திறந்து வெளி டிஸ்க்கை எடுத்து வந்து தன் லேப்டாப்பில் செருகினார். டக். டக். டக். உள்ளே ஏதோ முட்டிக்கொள்வதுபோன்ற ஓசை. கழற்றிச் செருகினார். மறுபடியும் அதே டக் டக். திரையில் எதுவும் வரவில்லை. அவர் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். அவர் கீழே விழப்போகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டேன். தோள் கல்லாக இருந்தது. முந்தின நாள் வரை நன்றாக இருந்த டிஸ்க் அது.

அண்ணன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அடுத்த வாரம். உள்ளே வந்து என் செல்போனைக் கையில் வாங்கி, "போனா போவுது, திரும்பப் பேசிட்டாப் போச்சு" என்பதுபோல் சைகை செய்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, அவர் என்னென்னவோ பேசினார். போட்டுக் கேட்டோம். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அதில் ஓடிய மின்விசிறியின் சத்தம் கேட்டது. நான் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அண்ணன் மட்டும் கேட்கவில்லை. அந்தச் சில வாரங்களில் குரல் எவ்வளவு தூரம் போய்விட்டிருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. தினமும் கூடவே இருந்தோம், உதடு அசைவதைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகிவிட்டிருந்தோம். அண்ணன் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அண்ணி பேசினார். "யாரும் அந்த மெஷின ஆன் பண்ணக் கூடாது. நீ கும்பகோணம் போயி இதைவிடப் பெரிய டிஸ்க்கு ஒண்ணு வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். நின்றுபோன டிஸ்க்கை அதில் அச்சாக அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் கை வைத்தார் அண்ணி. சாப்பிடும்போது எனக்கு விளக்கினார். "நவுந்ததெல்லாம் புது எடத்துல இருக்கு. நவுராததெல்லாம் பழைய எடத்துல அப்படியே இருக்கு. எதுவும் அழியல. ரெண்டா ஒடஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். எந்த எடத்துல நின்னுச்சுன்னு தெரிஞ்சா மிச்சத்த நாமளே நவுத்திடலாம்." கடைசியாக நகர்ந்த பகுதி மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அந்த ஒற்றுமை எங்கே முடிகிறதோ அதுவே நின்ற இடம். ஒப்பிட்டுப் பார்க்கச் சின்னதாக ஒரு நிரல் எழுதினார். சரியாக வரவில்லை. திருத்தினார். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, அண்ணனுக்கு மருந்து கொடுக்கும் நேரம் மட்டும் எழுந்து போனார். அவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் குழம்பு தீய்ந்துபோனதற்காக.

ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளின் காலை. பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அண்ணன் குரல், முழுசாக, சிரிப்போடு: "எம் பொண்டாட்டிக்குக் கொழம்பு வைக்கத் தெரியாது, இதையும் போட்டுக்க." என் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. கட்டிலில் படுத்திருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்து, தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். தானே பேசிவிட்டதாக ஒரு கணம் நினைத்தாராம்; பிறகு எழுதிக் காட்டினார். சில பதிவுகள் சேதமாகி வெறும் இரைச்சலாகியிருந்தன. மற்றதெல்லாம் மீண்டுவிட்டது. அண்ணி நாலு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தேறி வீட்டுக்கு வந்தபின், அந்த வாக்கியங்களை எல்லாம் அண்ணி தன் செல்போனில் ஏற்றி அண்ணனிடம் கொடுத்தார். அது எனக்குத் தெரியாது. தஞ்சாவூரில் வேலை முடிந்து கீழவாசல் நெரிசலில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது, அண்ணி நம்பர். ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"எங்கருக்க? சாப்பிட்டியா?"

அண்ணன். காலை நேரத்து அண்ணன். பதிவு செய்த குரல்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உடம்புக்குத் தெரியவில்லை. பிரேக்கை எப்படிப் பிடித்தேனோ, பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டினார், சுற்றிலும் ஹாரன் அலறியது. "அண்ணே, அண்ணே" என்றேன். மறுமுனையில் விரல் செல்போன் கண்ணாடியைத் தட்டித் தேடும் சின்ன ஓசை கேட்டது. தட்டல், மறுபடி தட்டல். தேடியது கிடைத்திருக்க வேண்டும்.

"மொதல்ல வண்டிய ஓரமா நிப்பாட்டு. அப்பறம் பேசு."

நிறுத்தினேன்.