நாற்பதடி ஆன்டெனா

பின்கட்டில் நாற்பதடி உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியதற்கு, கேட்டவர்களிடமெல்லாம் ஒரே காரணம்தான் சொன்னேன்: வீட்டுக்காரி டிவி பார்க்க ஆசைப்படுகிறாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் அண்ணன். அவர் என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்தவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தே தீர வேண்டும். அவன் நூல் சுற்றிய நாடாவை வீசுவான், நான் கரை நாடாவைத் தள்ளுவேன். எப்போது அவனுக்கு இடுப்பு வலிக்கும், எப்போது பொறுமை போகும் என்பதெல்லாம் அவன் மூச்சை வைத்தே எனக்குத் தெரியும். பாகம் பிரித்தபோது வெளிச்சமான முன்கூடமும் தறியும் அவனுக்குப் போயின. எனக்குப் பக்கத்து அறைகளும், பெரிய பின்கட்டும், கிணறும். நடுவில் ஆளுயரச் சுவர். எழுப்பியது அவன்.

சென்னையில் டிவி வந்த மறு வருடமே அவன் ஒரு பெட்டி வாங்கிவிட்டான். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல். ஓட்டுக்கூரை மேல் ஆன்டெனா வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம் போட்டால் தெரு முழுக்க அவன் கூடத்தில் இருக்கும். என் மனைவியும் போனாள். சண்டை உங்களுக்கும் அவருக்கும்தானே, அக்கா கூப்பிடுகிறாளே என்றாள். அவள் அக்கா என்றது என் அண்ணியை. கூரம் கிராமத்தில் பிறந்தவள் இவள். கல்யாணத்துக்கு முன் பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் நான் தடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வேண்டிய ஒரு பட்டுக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்து நின்றார். உட்கார இடமில்லை. அத்தனை பேர் இருக்கும்போது அவன் கண்ணுக்கு என் மனைவிதான் தெரிந்தாள்.

"எழுந்து போம்மா. உன் புருஷன் ஒண்ணு வாங்கிப் போட்டா, அங்க உக்காந்துக்கினு பாரு."

அவள் வந்து கிணற்றடியில் சாமான் தேய்க்க உட்கார்ந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. அதிலும் அவளுக்கு அந்த அவமானத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது.

"படத்துல அந்தப் பொண்ணு கடுதாசியப் பிரிச்சுது. படிக்கறதுக்குள்ள எழுப்பிட்டாரு. அதுல என்னா எழுதியிருந்துச்சோ."

கடிதத்தில் என்ன இருந்தால் எனக்கென்ன? என் காதில் 'எழுந்து போ' மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்று சோறு இறங்கவில்லை. இவனைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தேன்.

செவிலிமேட்டில் குடியிருந்த ஒரு அதிகாரி மாற்றலாகிப் போகும்போது அவருடைய பழைய பெட்டி எனக்குக் கிடைத்தது. ஆன்டெனா போட சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். முப்பதடி போதும் என்றார். அண்ணனுடையது தரையிலிருந்து எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். அதுவும் முப்பதுதான் என்றார். அப்படியானால் எனக்கு நாற்பது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழாயை அளக்கப் போனார்.

கிணற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, மூன்று குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி நட்டோம். நாலு பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பிகளை நானே கட்டினேன். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டிப் பழகிய கை. ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். உச்சியில் அலுமினியக் குச்சிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் பின்கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அதற்குத் தோதாகத்தான் இடம் பார்த்திருந்தேன்.

நான் குழாயைப் பிடித்துச் சென்னைப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அவள் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள்.

"வருது... போச்சு. இந்தாண்ட திருப்புங்க. ஆங், இருக்குது. தொடாதீங்க."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. இரண்டும் எனக்கு இனித்தன.

அத்தோடு விட்டேனா? எதிர் வீட்டு வாத்தியாரும், அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும் நூல்கடைக்காரரும் பெட்டி வாங்கியும் படம் சரியாக வராமல் அண்ணன் கூடத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள். என் ஆன்டெனாவிலிருந்தே அவர்களுக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். கம்பத்தின் அடியில், சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் திருகோடு ஒரு பூஸ்டர் பெட்டி. அதிலிருந்து மூன்று வீட்டுக்கு மூன்று ஒயர். கூட்டம் மூன்றாகப் பிரிந்து போனது. அண்ணன் கூடத்தில் விரித்த ஜமக்காளம் விரித்தபடி கிடக்கிறதாம் என்று வாத்தியார் வந்து சொன்னார். காப்பி கொடுத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ரேடியோக்காரர் போகும்போது ஒரு எச்சரிக்கை செய்திருந்தார்.

"இந்தத் திருகைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்கபா. பூஸ்டர் கத்த ஆரம்பிச்சுடும். உங்க படமும் போவும், அக்கம்பக்கத்துல வேற ஆன்டெனா இருந்தா அதுவும் போவும்."

"அக்கம்பக்கம்னா?"

"இதோ, சுவத்துக்கு அந்தாண்ட."

எனக்கு அது வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு படம் சூடு பிடித்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்த் திருகை முழுதாக ஏற்றினேன். ஓட்டின் மேல் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் ஏறிவிட்டான். "வருதா?" என்பான். உள்ளேயிருந்து அண்ணி "இல்ல" என்பாள். திருப்புவான். "இப்ப?" "ஒரே புள்ளியா இருக்குதுங்க." தறியில் கேட்ட அதே மூச்சு, இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான் என்று பார்க்காமலே தெரிந்தது. எனக்கு அந்தச் சத்தம்தான் படம். அவன் அலுத்துப் போய் இறங்கியதும் திருகை இறக்குவேன். மறுபடி கொஞ்ச நேரம் கழித்து ஏற்றுவேன். இப்படியே வாரா வாரம் நடந்தது. என் ஒயரில் பார்த்தவர்களுக்கும் படம் போனது. கோபுரம் மறைக்கிறது என்றார் வாத்தியார். "ஏமோபா, மெட்ராஸ்லயே கோளாறு" என்றார் நூல்கடைக்காரர். நானும் அவர்களோடு சேர்ந்து மெட்ராஸைத் திட்டினேன்.

என் வீட்டிலும் அதே நேரத்தில் படம் போகும். என் மனைவி உள்ளேயிருந்து "போச்சுங்க" என்று குரல் கொடுப்பாள். நான் ஏதோ சரிசெய்கிற மாதிரி, "பாத்துக்கினுதான் இருக்கேன். இது வர நேரமாவும். நீ எழுந்து போய் வேலையப் பாரு" என்பேன். அவளும் எழுந்து போவாள்.

பிறகு ஒரு ஞாயிறு, அவள் பாதியில் விட்ட அந்தப் படமே திரும்ப வந்தது. அவள் மூன்று மணிக்கே வேலையெல்லாம் முடித்து, தலை வாரிக் கனகாம்பரம் வைத்து, பெட்டி எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன படம் என்றும் என்னிடம் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன். கடிதம் என் நினைவிலேயே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் நாலு விருந்தாளிகளைக் கூட்டி வந்திருக்கிறான் என்பதுதான் என் மண்டையில் இருந்தது.

படம் பாதி தாண்டட்டும் என்று காத்திருந்து திருகை ஏற்றினேன். அவன் ஏறினான். "வருதா?" என்றான். நான் சுவரோரம் குனிந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கிணற்றடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் கை திருகின் மேலேயே இருந்தது.

"இப்பதான் கடுதாசியப் பிரிச்சுது," என்றாள்.

அவள் என் கையையே பார்த்தாள்.

"உங்க அண்ணன் ஒரு நாள்தான் என்னை எழுந்து போவச் சொன்னாரு. நீங்க வாரா வாரம் சொல்றீங்க."

திருகை இறக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி, "வந்துடிச்சு, தொடாதீங்க" என்றாள். அண்ணன் இறங்கிப் போய் விருந்தாளிகளோடு உட்கார்ந்து மீதிப் படத்தைக் கடைசி வரை பார்த்தான். அது எனக்கு இன்றைக்கும் எரிகிறது. இவள் தேய்த்துக் கவிழ்த்த சாமானையே எடுத்துப் போட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். படம் நன்றாக வருகிறது, வந்து பார் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். வரவில்லை.