கோழிகளைக் கிளையேற்றுகிறவள்

கசில்தா பெருக்காத இடம் அந்த ஊரில் தெரு ஒன்றுதான் என்பார்கள்; அதையும் தன் வாசல் அகலத்துக்குப் பெருக்கிவிடுவாள். சந்தையில் மிளகாயும் கொத்தமல்லியும் விற்றுத் திரும்பினால், தோளில் கிடக்கும் துண்டைக்கூட எடுக்காமல் துடைப்பத்தை எடுப்பாள். அவள் கோழிகள் கூண்டுக்குள் வரிசையாகத் தூங்கும். இடுப்பளவுக் கல்மதிலுக்கு அந்தப் பக்கம் நிக்கனோராவின் கோழிகள் நாரத்தை மரத்தில் தூங்கும். மரத்தடியில் துணி துவைக்கும் தொட்டி. விடிந்தால் தொட்டி முழுக்க எச்சம். கசில்தாவுக்கு இது பல வருஷத்து அரிப்பு.

நிக்கனோரா கசில்தாவின் மகனுக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டையில்கூட. கண் அறுவைக்கு மெரிதா நகரத்துக்குக் கிளம்பியபோது நிக்கனோரா சொன்னாள்: “சோளத்தத் தூவுங்க, தண்ணி வைங்க. தூங்குறத அதுங்களே பாத்துக்கும், கொமாத்ரே.”

கடைசியில் சொன்னதைக் கசில்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று மதில் தாண்டி ஒரு கூண்டு கட்டினாள். கம்பிவலை, தகரக்கூரை, முட்டையிடப் பெட்டிகள், உட்காரக் குறுக்கே ஒரு துடைப்பக்கட்டை. அவசரத்தில் பெட்டிகள் உயரத்திலும் கட்டை தாழ்விலும் அமைந்துவிட்டன. கோழிக்கு எது உயரமோ அதுதான் படுக்கை. பிடித்து அடைத்தவை கட்டையைச் சீந்தாமல் பெட்டிக்கு அடித்துக்கொண்டன. மறுநாள் அந்தியில் கூண்டுப் பக்கமே வராமல், மதிலேறி மரத்துக்குப் பறந்தன. கசில்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் தையல் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க இறக்கையின் இறகுகளை நறுக்கினாள்.

அன்று மாலை ஜெபமாலைக்கு நேரமாகிவிட்டது. கூண்டுக்குள் இருட்டு. உள்ளே அடைந்திருக்கும் என்று, எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டுப் போனாள். கோழிகளோ நாரத்தையடியில் எழும்பி எழும்பி விழுந்து, கடைசியில் வேரோரம் ஒண்டிக் கிடந்திருக்கின்றன. தெருநாய்களுக்கு அது போதாதா? காலையில் பாதிதான் மிச்சம். அடைக்கு உட்காரும் புள்ளிக்கோழியும் இல்லை. கசில்தா இறகுகளைக் கூட்டி எரித்தாள். கூண்டைப் பிரித்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எந்த முற்றத்தையும் பெருக்கியதில்லை.

ஒற்றைக் கண்ணில் கட்டோடு நிக்கனோரா வந்து இறங்கினாள்.

“நரி வந்துடுச்சு, கொமாத்ரே,” என்றாள் கசில்தா.

“மரத்துல ஏறியா?”

“ம்.”

“புள்ளியுமா?”

“புள்ளியும்தான்.”

நிக்கனோரா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு கசில்தாவின் முகத்தைப் பார்த்து அவளே தேற்ற ஆரம்பித்தாள். “நீங்க ஏன் இப்படி வாடுறீங்க? உங்களத் தூக்கிட்டுப் போகலியே, அதச் சொல்லுங்க. எல்லாம் இந்த மரத்தால. ஒரு தடவ ருசி கண்ட நரி விடாது. நாளைக்கே ஆளக் கூப்பிட்டு வெட்டிப்போடுறேன்.” பையிலிருந்து, மெரிதாவில் வாங்கிய இனிப்பு ரொட்டியை எடுத்து நீட்டினாள். “உங்களுக்குத்தான். தனியா எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ.”

கசில்தா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “மரத்த வெட்டாதீங்க,” என்றாள்.

வெயில் தாழ்ந்தது. மிச்சக் கோழிகள் ஒவ்வொன்றாக மதிலேறிக் கழுத்தை நீட்டிக் கிளையை அளந்தன. தாவின. ஒரு பக்கமாகச் சாய்ந்து பொத்தென்று விழுந்தன. மறுபடி ஏறின. மறுபடி விழுந்தன.

நிக்கனோரா காலடியில் விழுந்த ஒன்றைப் பிடித்து இறக்கையை விரித்தாள். கட்டில்லாத கண்ணருகே கொண்டுபோய், விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நேர்கோடாக வெட்டு.

“நரிக்குக் கத்தரிக்கோல் யாரு வாங்கிக் குடுத்தா, கொமாத்ரே?”

“நான்தான்,” என்றாள் கசில்தா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எட்டிப் பார்க்காமல் கொக்கி போட்டதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

நிக்கனோரா கையிலிருந்த கோழியைக் கசில்தாவிடம் நீட்டினாள். மதிலடியில் கோழிகள் முனகிக்கொண்டிருந்தன.

“நான் குனிஞ்சு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இருட்டுதுல்ல, ஏத்திவிடுங்க.”

நறுக்கிய இறகு உதிர்ந்து புதுசு முளைக்க மாதக்கணக்காகும். அதுவரை கசில்தா அந்திதோறும் மதில் தாண்டி வந்தாள். முள் முழங்கை வரை கீறியது. அந்த முதல் நாள் மட்டும், அடிமரத்தை ஒட்டிப் புள்ளிக்கோழி உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு மற்றவற்றை வைத்துப் பார்த்தாள். கோழிகள் ஒன்றையொன்று இடித்து நகர்ந்து அதை உடனே நிரப்பிக்கொண்டன. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.