அண்ணன் மஜ்ஜையும் தங்கை எலும்பும்

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணனுக்குப் பயமே கிடையாது என்று பெயர். எதிரே லாரி வரும்போது கற்றுக்கொள்பவர்கள் வெலவெலத்துப் போவார்கள். பக்கத்து இருக்கையில் இவர் கொட்டாவி விடுவார். ஊசி என்றால் மட்டும் கதை வேறு. தங்கையின் எலும்பு மஜ்ஜை பழுதாகி ரத்தம் ஊறுவது நின்றபோது, பொருத்தம் பார்க்க இவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுக்க வந்தார்கள். ஊசி கையைத் தொடும் முன்பே ஆள் நாற்காலியோடு சரிந்துவிட்டார்.

ஆனாலும் இவருடைய மஜ்ஜைதான் பொருந்துகிறது என்றதும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். தையல்கடை வைத்திருக்கும் தங்கை பல வாரங்கள் கிருமி அண்டாத கண்ணாடி அறைக்குள் கிடந்து, தேறி, மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

பிறகுதான் அவளுக்குத் தலைவலி. அவளுடைய ரத்த வகையே அண்ணனுடையதாக மாறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சட்டைக் காலர் கச்சிதமாக அமைந்தால் அது "நம்ம ரத்தம்". வாடிக்கையாளரிடம் அவள் சிடுசிடுத்தால் மட்டும் அது புகுந்த வீட்டுப் பழக்கம்.

பொறுத்துப் பார்த்தவள் அடுத்த பரிசோதனையின்போது டாக்டரம்மாவிடமே நியாயம் கேட்டாள். அவர் விளக்கினார்: அண்ணன் கொடுத்த செல்கள் எலும்புக்குள் போய்த் தங்கியது உண்மை. ஆனால் அவற்றைப் பேணுவதிலும், எந்த ரத்த அணு எவ்வளவு உண்டாக வேண்டும் என்று சேதி அனுப்புவதிலும் எலும்பின் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த எலும்பு தங்கையுடையது.

"அப்போ அண்ணன் என்கிட்டதான் வேலை பாக்குறாரு," என்றாள் தங்கை.

கூட வந்திருந்த அண்ணனுக்குச் சுருதி இறங்கிவிட்டது; வீடு வரும்வரை அவர் ஓட்டிய கார் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.

சில மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டு வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் ஒரு வாய்த் தண்ணீரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு அணுக்கள் ஏறத் தொடங்கியதாகச் சொன்னதும் உள்ளே போய், அவள் முழங்காலை லேசாகத் தட்டினார்.

"உன் எலும்பு நல்லாவே வேலை வாங்குது."

"வேலைக்காரர்தான் கொஞ்சம் மெத்தனம்," என்றாள் அவள். ஒருவர் கண் கலங்கியிருந்ததை மற்றவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அந்த வாரம் கடையில் தேங்கிக் கிடந்த பள்ளிச் சீருடைகளுக்கெல்லாம் அண்ணன்தான் பொத்தான் தைத்தார். வீடு திரும்பியதும் அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்தாள் தங்கை.