வாசல் பைப்புக்குப் பூட்டு

வெள்ளவத்தையில் நான் காவலுக்கு நிற்கிற பிளாட்டில் வாசல் பைப்புக்குப் பூட்டுப் போட்டாச்சு. தெருநாய் குடிக்க கேற்றடியில் சட்டி வைத்துத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கினம். பூட்டு ஆட்களுக்கு.

ஆட்கள் என்றால் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற வங்காளதேசத்துப் பெடியள். மத்தியானம் போத்தலோடு வருவாங்கள். போன கிழமை கமிட்டித் தலைவர் பூட்டோடு இறங்கி வந்தார். மூன்றாம் மாடி, யாழ்ப்பாணத்து ஆள்.

"உவங்களை உள்ளுக்கு விடாதை."

"தண்ணிக்குத்தானே ஐயா வாறாங்கள்."

"இண்டைக்குத் தண்ணி, நாளைக்கு வீட்டுக்குள்ள நிப்பாங்கள். ரெண்டு வருசமாப் பாக்கிறன், எனக்குத் தெரியாதே?"

பால்கனியில் நின்று பார்த்தவர். ஒருத்தன்ர பெயரும் தெரியாது. சண்டைக் காலத்தில் இதே தெருவில் லொட்ஜில் இருந்தவர். தமிழன் என்று இரவில் பொலிஸ் வந்து கதவு தட்டினதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் இருக்கிறது கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லுகிற நெருக்கமான வரிசை வீடுகளில். எல்லாருக்கும் ஒரே பைப். வாளியை வைத்தால் அது உன் இடம், ஆள் நிற்கத் தேவையில்லை. கிளிநொச்சியில் இருந்து வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஒரு வாளியைத் தள்ளி வைத்தேன். அடுத்த வீட்டுப் பிலோமினாக்கா ஏசிக் கிழித்துப் போட்டா. "வன்னியில எல்லாம் இப்பிடித்தானா?" போன வருசம் குடிவந்த வங்காளதேசத்துப் பெடியன் ரஃபீக்கும் அதே பிழை விட்டான். பிளாட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் அவனுக்கு வேலை. அவனுக்குச் சிங்களத்தில் ஏச்சு. பாதிதான் விளங்கியது, சிரித்தான். "சிரிக்கிறான் பார், கழுதை!" இப்போ அவன் வரப் பிந்தினால் அவன்ர வாளியை அவதான் வரிசையில் வைக்கிறா. ஏச்சை மட்டும் விடவில்லை.

பக்கத்தில் இருந்தால் மனம் மாறுமாம். பொய். ஊரில் சாதி பார்த்து எங்களைத் தண்ணி அள்ள விடாத கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறுதான். ஒரே பைப்பில் நின்று ஏச்சு வாங்கினவனுக்குத்தான் மற்றவன் ஆளாகத் தெரிவான்.

நேற்று ரஃபீக் போத்தலோடு வந்தான். "அய்யே, வத்துர," என்று தண்ணி கேட்டான். இரண்டு பேருக்கும் அரைச் சிங்களம்தான். நாய்ச் சட்டிக்காக என்னிடம் இருந்த சாவியால் பைப்பைத் திறந்துவிட்டேன். ஐயா இறங்கி வந்தார்.

"உனக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

சாவியை நீட்டினேன். "நீங்களே பூட்டுங்கோ. அவன்ர முகத்தைப் பாத்துப் பூட்டுங்கோ."

வாங்கினார். பூட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வராதை," என்றார் என்னிடம்.

பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். ரஃபீக் எனக்கு முந்தி வந்துவிட்டான், கதை பரவியிருந்தது.

"வேலை போச்சாமே? வன்னியானுக்கு வாய் கூட," என்றா பிலோமினாக்கா. என்ர வாளியை வரிசையில் வைத்திருந்தா, தன்னுடையதுக்கும் ரஃபீக்கின்ரதுக்கும் நடுவில்.

கிளிநொச்சியில் வாங்கின வாளி. அதுக்கு இங்கே இடம் இருக்கு.