ரோதமுனி ஏறிய சைக்கிள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சைக்கிளை யாரும் பெரிதாக மதித்ததில்லை. மேலே போகும்போது அதை நாம் தள்ள வேண்டும், கீழே வரும்போது அது நம்மைத் தள்ளும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் அது தேவைப்பட்டது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பல ஆண்டுகள் மெஷினோடு கிடந்தவர், எனக்கு எட்டு வயதானபோது அட்டன் டவுனில் ஓர் இரும்புக் கடை வேலைக்கு மாறினார். எங்கள் லயத்திலிருந்து டவுனுக்குப் போகும் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்வதால் ஏற்றம் குறைவு. பஸ்ஸோ, வந்தால் வந்ததுதான்.

சைக்கிள் வாங்கப் போனபோது மாமாவும் நானும் உடன் சென்றோம். கடையில் கியர் வைத்த மெல்லிய சைக்கிள்கள் பளபளத்தன. அப்பா அவற்றைத் தாண்டிப் போய், மூலையில் நின்ற கனத்த பழைய சைக்கிள் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். அகலமான மட்காட், சங்கிலியை முழுதாக மூடும் கவர், பின்னால் கெரியர், டயரோடு உரசி எரியும் டைனமோ விளக்கு. நடுவில் குறுக்குக் கம்பி மட்டும் இல்லை.

"மச்சான், இது பொம்பள சைக்கிளு," என்றார் மாமா.

"சாரத்தோட ஏறி எறங்க இதுதான் லேசு. மழைக்கும் சேத்துக்கும் மட்காட்டு வேணும். ஒன்னைய மாதிரி அழகு பார்க்கவா வாங்குறேன்?"

ஆசனத்தைத் தம் இடுப்பின் உயரத்துக்கு ஏற்றி, ஸ்பேனரால் முறுக்கி, அந்த ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சைக்கிளைப் பராமரிப்பது என் வேலையாயிற்று. தினமும் காலையில் துடைப்பது, காற்றை அழுத்திப் பார்ப்பது, வாரம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய், ஈரத்தில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று கவனிப்பது.

அம்மாவும் அப்போது ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளிர் ஏறி அவளுக்கு மூச்சிழுப்பு வரும். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் சத்துமா கொண்டுபோய்க் கொடுக்கச் சைக்கிளும் அவர்களே தருவார்கள். தை பிறக்குமுன் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். "நீயா, சைக்கிளா?" என்று அப்பா சிரித்தார். லயமே சிரித்துவிடும் என்றார். அம்மா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் அந்த விசித்திரம் தொடங்கியது. இரவில் துடைத்து முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் நிறுத்திய சைக்கிளின் சக்கரங்களில் காலையில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. ஆசனம் சில நாள் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது, சில நாள் ஒரு விரல் உயர்ந்திருந்தது. நான்தான் ஸ்பேனரை வைத்து விளையாடுகிறேன் என்று அப்பா கடிந்துகொண்டார். என் நேர்மையை நிரூபிக்க, ஆசனத் தண்டில் அப்பாவின் உயரத்துக்கு ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். மறுநாள் அந்தக் கீறல் குழாய்க்குள் இறங்கி மறைந்திருந்தது.

மாமா ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் வேலை செய்பவர். அங்கே சுழலும் சக்கரங்களுக்கெல்லாம் காவல் ரோதமுனி. அதற்குப் பூசை வைக்காமல் எந்தப் புது மெஷினும் ஓடாது. கீறலைக் காட்டியதும் அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"ஒங்கப்பன் சக்கரத்த வீட்டுக்குக் கொண்டாந்தாரே, ஒரு தேசிக்காயாச்சும் வெட்டினாரா?"

"இல்ல மாமா."

"அப்ப முனிதான் எடுத்து ஓட்டுது புள்ள."

முனி பனைமரம் போல நெட்டை என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அப்படியானால் ஆசனத்தை ஏன் தாழ்த்துகிறது என்று கேட்டேன். சற்று யோசித்து, முனி சம்மணம் போட்டுத்தான் உட்காரும் என்றார். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் விடியுமுன்பே விழித்துவிட்டேன். அப்பா அருகில் உறங்கிக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போல் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கதவை விலக்கிப் பார்த்தேன். சைக்கிள் இருந்த இடத்தில் அதன் ஸ்டாண்டின் ஈரத்தடம் மட்டும் கிடந்தது. வெளியே, படிக்கட்டின் கடைசிப் படிகூடத் தெரியாத பனிமூட்டம். அதற்குள் எங்கோ, பல்லால் நகத்தைக் கடிப்பது போன்ற டிக் டிக் ஓசை நெருங்கி வந்தது. பின்பு ஒரு வெளிச்சம். மஞ்சளாக ஒரு புள்ளி, வேகம் கூடும்போது வளர்ந்து, குறையும்போது சுருங்கி, தரையைத் தொடாமல் ரோட்டின் வளைவில் மிதந்து போனது. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ படபடத்தது. சக்கரமும் இல்லை, ஆளும் இல்லை. வளைவில் அந்த ஒளி நின்று, என் பக்கமாகத் திரும்பியதைப் போலிருந்தது.

போர்வைக்குள் புகுந்தவள் காய்ச்சலோடுதான் வெளியே வந்தேன். மூன்று நாள் பிதற்றினேன். என் நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அம்மாவின் கைகள் மட்டும் நினைவிருக்கின்றன. மாமா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். முனியின் சக்கரங்களோடு அத்தனை ஆண்டு வாழ்ந்த அப்பா சிரிக்கவில்லை. ஸ்டோர் வாசலில் தேசிக்காய் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, சேவலும் கொடுத்தார். அதோடு சைக்கிளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்தார்.

"பூசதான் போட்டாச்சேங்க. சைக்கிள ஏன் குடுக்கணும்?" என்றாள் அம்மா.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீ பொறுப்பா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தை பிறந்தபோது பிள்ளைக்காம்பரா வேலைக்கு வேறொரு பெண் போனாள். அம்மா விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலைக்கே போனாள். நான் ஓ.எல். பரீட்சை எழுதும்வரை இழுப்போடு போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது நான் நுவரெலியாவில் ஆசிரியை. சென்ற ஆண்டு, பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போய்வர, மட்காட்டும் கெரியரும் உள்ள ஒரு சைக்கிள் வாங்கினேன். பார்க்க வந்த அம்மா, புடவையைச் செருகிக்கொண்டு அதில் ஏறி, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினாள். தடுமாற்றமே இல்லை.

"எப்பம்மா பழகுனீங்க?"

"நீ முனியப் பார்த்தியே, அந்த மாசம்," என்றாள். "என்னாலதானே ஒனக்குக் காச்சல் வந்துச்சு. எப்படிச் சொல்றது?"

பனியில் அந்த விளக்கு எப்படி மிதந்து போனது என்பதை அவளிடம் விவரித்தேன். டைனமோவை அவள் ஒருநாளும் தொட்டதில்லையாம். வெளிச்சம் பட்டால் லயத்தில் எவராவது பார்த்துவிடுவார்கள் என்று, இருட்டிலேயே ஓட்டினாளாம்.

அந்த ஒளியைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நான் அடிக்கடி நினைப்பது வேறொன்றை. சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்திய மாலை, எனக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்று அம்மாவே அதைத் துடைத்தாள். கம்பி கம்பியாகத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். ஸ்பேனரை எடுத்து, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒரு கணமும் தயங்காமல் நட்டைத் தளர்த்தி, ஆசனத்தை உயர்த்தி, அப்பாவின் அளவில், என் கீறலில் சரியாக நிறுத்தி இறுக்கினாள். கட்டிலில் படுத்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனி இனி வராது என்ற நிம்மதியில் அப்படியே உறங்கிப் போனேன்.