நங்கநல்லூரில் நின்ற விமானம்

1. சோபா

அந்த வாரம் வந்த புகார்களில் இது முதலாவது.

"மேடம், நான் குர்காவ்ல என் வீட்டு சோபாவுல உக்காந்திருக்கேன். உங்க மேப் என்னை நங்கநல்லூர்ல காட்டுது."

எந்த நங்கநல்லூர் என்று கேட்டேன். சென்னையில் இருப்பதுதான் என்றார்.

சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கான எங்கள் மேப்பில் ஒரு குட்டி விமானப் படம் இருக்கும். டேப்லெட் எங்கே இருக்கிறதோ அங்கே அது நிற்க வேண்டும். இவருடையது நங்கநல்லூரில் ஒரு குறுக்குத்தெருவில் நின்றது. மற்றபடி மென்பொருள் தன் கடமையில் குறை வைக்கவில்லை. சென்னை விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் இருக்கிறீர்கள் என்று எச்சரித்து, சென்னை டவரின் அலைவரிசையையும் கொடுத்திருந்தது.

"டவருக்குப் பேசிட்டீங்களா?" என்றேன்.

"மேடம், நான் சீரியஸா கேக்கறேன்."

அவர் பெயர் பாலாஜி. ஒரு நிதி நிறுவனத்தில் ரிஸ்க் பிரிவில் மேலாளர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொந்த ஆசைக்காகப் பணம் கட்டிப் படித்துத் தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஹரியானாவில் உள்ள ஒரு சின்ன ஓடுதளத்திலிருந்து கிளம்பி, இன்னொரு ஓடுதளம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பக்கத்து சீட்டில் முதல்முறையாக அவர் மனைவி கோமதி. அந்த அம்மாள் சம்மதிக்க ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எங்கே இருக்கிறோம் என்று போகிற வழியெல்லாம் தனக்குத் தெரிய வேண்டும். அதற்காக வாங்கியதுதான் எங்கள் மென்பொருள்.

2. கிளப் ஹவுஸ்

எங்கள் அலுவலகம் டெல்லியில் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. வாடிக்கையாளர்கள் விமானத்தை நிறுத்த இடம் கிடைக்கிறது, இங்கே காரை நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே மாடியேறுவார்கள். மென்பொருளை ஏற்றி, சார்ட் எனப்படும் வான்வழி வரைபடங்களை இறக்கி, வான்வெளி டேட்டாபேஸைப் புதுப்பித்து, உயரம் அடியிலும் தூரம் கடல் மைலிலும் தெரிகிறதா என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. சட்டப்படி இது துணைக்கருவிதான். பைலட்டிடம் காகித சார்ட் இருக்க வேண்டும், அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஆனால் திரையில் விமானம் நகர ஆரம்பித்தபின் காகிதத்தை மடியில் விரிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்கு முன் ஒரு செய்தித்தாளில் வரைபடப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு புள்ளியைத் தவறான ஊரில் வைத்தால் மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போடுவார்கள். இந்த வேலையில் மறுநாள் என்று ஒன்று இருக்கும் என்பது நிச்சயமில்லை. டெல்லியின் நடுப்பகுதி, சார்ட்டில் சிவப்பு வட்டம், பறக்கத் தடை. அதற்குள் தெரியாமல் வந்துவிட்டேன் என்ற விளக்கத்தை யாரும் உட்கார வைத்துக் கேட்கமாட்டார்கள்.

மதியம் பாலாஜியே மறுபடி பேசினார். "சரியாயிடுச்சு மேடம். எங்க ரவுட்டர்தான் பிரச்சனை. சாமானோட சாமானா சென்னையிலேருந்து வந்தது. அதை ஆஃப் பண்ணிட்டு, கீழ அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ் வைஃபைல போட்டேன். டாண்ணு குர்காவ் வந்துடுச்சு."

என் முதலாளி கபூர் இந்தியில் பேசுபவர். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அச்சா. மேப் சரியாக் காட்டுதா? காட்டுது. கஸ்டமர் சந்தோஷமா? சந்தோஷம். புகாரை மூடு."

நான் மூடவில்லை. வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும் கருவி, ரவுட்டர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் வந்தார். பெரிய திரை, மெல்லிய உடம்பு, துபாயிலிருந்து மைத்துனர் வாங்கி வந்தது. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிம் போடும் வாசல் இல்லை. அந்த வகை டேப்லெட்டில் சிம் வசதி இல்லாத மாடலுக்கு ஜிபிஎஸ் சிப்பும் கிடையாது.

"அப்ப எப்படி மேடம் காட்டுது? இதோ பாருங்க, சரோஜினி நகர். கரெக்டா உங்க ஆபீஸ்."

எப்படி என்று சொன்னேன். பக்கத்தில் எந்தெந்த வைஃபை ரவுட்டர்கள் இருக்கின்றன என்று டேப்லெட் பார்க்கும். அந்த ரவுட்டர்கள் இருக்கும் இடத்தை இன்டர்நெட்டில் ஒரு பெரிய பட்டியலில் விசாரிக்கும். வந்த பதிலைத் தன் இடமாகச் சொல்லிவிடும். அவர் வீடு புதுக் கட்டடம், அந்த மாடியில் வேறு யாரும் குடிவரவில்லை. இருந்த ஒரே ரவுட்டர், பட்டியலின்படி, இன்னும் நங்கநல்லூரில் இருந்தது.

"அதான் அதை ஆஃப் பண்ணிட்டேனே."

கபூர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "காட்டுதுன்னு அவரே சொல்றார். நீ ஏன் காட்டலைன்னு சொல்ற?"

ரிஸ்க் மேலாளரும் முதலாளியும் ஒரே பக்கம் நின்றார்கள். நான் வாதாடவில்லை. சனிக்கிழமை விமானத்தைப் பார்த்துவர மனைவியோடு ஓடுதளத்துக்குக் காரில் போவதாகச் சொல்லியிருந்தார். நானும் வருகிறேன் என்றேன்.

"ஓவர்டைம் கிடையாது," என்றார் கபூர்.

3. தாபா

பாலாஜி ஓட்டினார். நான் பின் சீட்டில் இருந்தேன். முன்னால் கோமதி டேப்லெட்டை மடியில் வைத்திருந்தார். தென்காசிக்காரர். டெல்லியில் புதுசு என்றாலும் மடியில் இருந்ததை ஒரு டெல்லிக்காரரைப் போலவே சந்தேகத்தோடு பார்த்தார். டேப்லெட்டுக்கு இன்டர்நெட் கிடைக்காதபடி மூன்று பேரின் போனிலும் ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லியிருந்தேன்.

"மால்ல நிக்குது," என்றார் கோமதி. வழியில் அந்த மாலின் இலவச வைஃபையை டேப்லெட் பிடித்திருந்தது.

"மால் பக்கத்துலதானே இருக்கோம்," என்றார் பாலாஜி.

டோல்கேட் வந்தது. "இன்னும் மால்லதான் நிக்குது."

"அப்டேட் ஆகும்."

டோல்கேட் போய், தொழிற்சாலைகள் போய், இருபுறமும் கடுகு வயல் வந்தது. பிப்ரவரி மாதப் புகைமூட்டத்தில் மஞ்சள் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது.

"என்னங்க, இன்னும் மால்லயேதான் இருக்கோமாம். ஏதாச்சும் வாங்கணுமா?"

பாலாஜி டீ குடிக்கலாம் என்று ஒரு தாபாவில் நிறுத்தினார். கோமதி கல்லாவில் இருந்தவரிடம் நேராகப் போய், "பையா, வைஃபை பாஸ்வேர்ட்?" என்று கேட்டு வாங்கிப் போட்டார். மாலில் நின்ற விமானம் வயல்களையெல்லாம் ஒரே தாவாகத் தாவித் தாபாவின் வாசலில் வந்து இறங்கியது.

கோமதி என்னிடம் திரும்பினார். "மேடம், ஒண்ணு கேக்குதேன். வானத்துல தாபா இருக்கா?"

"இல்லை."

"அப்ப நாளைக்கு நான் வரல."

பாலாஜி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாம் சேத்து எழுபது மைல்தான். கீழ ரயில் பாதை போவுது. அதைப் பாத்துக்கிட்டே போயிடலாம் கோமு."

"ரயில் பாதையப் பாத்துக்கிட்டுப் போறதுக்கு ரயில்லயே போலாமே."

என் பையில் ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. செயற்கைக்கோளைக் கேட்டு, இடத்தை ப்ளூடூத் வழியாக டேப்லெட்டுக்கு அனுப்பும். அலுவலகத்தில் பாலாஜியிடம் காட்டியபோது, காட்டுகிற டேப்லெட்டுக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தார். இப்போது அதை டாஷ்போர்டில் வைத்து, டேப்லெட்டின் வைஃபையை அணைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாலாஜி என்னைப் பார்த்தார். பிறகு விமானம் அசைந்தது. காரை எடுத்தார். அதுவும் கிளம்பியது.

கோமதிக்கு அது போதவில்லை.

"திரும்புங்க."

"எங்க?"

"வந்த பக்கமே. இது திரும்புதான்னு பாக்கணும்."

லைசென்ஸ் பெற்ற பைலட் அடுத்த இடைவெளியில் யூ டர்ன் அடித்தார். திரையில் விமானமும் யூ டர்ன் அடித்தது. இன்னொரு தடவை என்றார் கோமதி. இன்னொரு தடவை அடித்தார்.

"சரி. இதுக்கு யாரு சார்ஜ் போடுதா?"

"நான் போட்டுடறேன்," என்றார் பாலாஜி.

"வேண்டாம். நான் போடுதேன்."

மறுநாளைக்கான பாதையை ஓடுதளத்தில் வைத்து ஏற்றிக் கொடுத்தேன். நீலக்கோடு போக வேண்டிய வழி, சிவப்பு போகக் கூடாத இடம். கோமதி அதற்குமேல் கேட்கவில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து எதிர் பிளாக்கே சரியாகத் தெரியவில்லை. ஓடுதளத்தில் பறக்க விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் ஏறியதும் கொஞ்சம் விலகியது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கோமதியிடமிருந்து போன்.

"இறங்கிட்டோம் மேடம்."

எப்படி இருந்தது என்றேன்.

"ஒரு எடத்துல ரயில் பாதை ரெண்டாப் பிரியுது. கீழ புகையா இருந்துச்சு, இவங்க டெல்லிக்குப் போற பாதையப் புடிச்சுட்டாங்க. இங்க பாத்தா நீலக்கோட்டை விட்டு வெலகுது, முன்னால சிவப்பு தெரியுது. வலப்பக்கம் திரும்புங்கன்னேன்."

"திரும்பினாரா?"

"ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருந்துச்சு."

பின்னால் பாலாஜியின் குரல் கேட்டது. "ஹெட்செட்ல சரியாக் கேக்கல மேடம்."

"கேட்டுச்சு," என்றார் கோமதி.

அடுத்த வாரம் பாலாஜி அலுவலகத்துக்கு வந்து ரிசீவர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். சென்னை ரவுட்டரையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் வைக்க வேண்டாம் என்று கோமதி சொல்லிவிட்டாராம்.

ஒரு டேப்லெட் சரியான இடத்தைக் காட்டுகிறது என்பதற்கும், அதற்குத் தன் இடம் தெரியும் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அதுவரை வாடிக்கையாளர்களிடம் வாயால் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விளக்குவதை விட்டேன். வேறு சிக்னல் எதுவும் எட்டாத எங்கள் பேஸ்மென்ட் ஸ்டோரில் அந்த ரவுட்டரைப் பொருத்தி, புதிதாக வரும் டேப்லெட்டை அதன் பக்கத்தில் வைப்பேன். ஜிபிஎஸ் சிப் இருந்தால் எங்கள் மென்பொருள் அதை மட்டுமே கேட்கும்; பேஸ்மென்ட்டில் அதற்கு வானம் எட்டாது. எனக்கு இடம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் டேப்லெட்டை, மாடிக்குக் கொண்டுபோய் வானத்தைக் காட்டிச் சோதித்தபின் ஏற்றுக்கொள்வேன். கொஞ்சமும் தயங்காமல் நங்கநல்லூர் என்று சொல்வதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கபூரும் ஒருநாள் கீழே வந்து பார்த்துவிட்டு, அச்சா என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்கள்தான் அது உதவியது. யாருடைய போனோ அந்த ரவுட்டரை டெல்லியில் பார்த்துப் பட்டியலில் திருத்தியிருக்க வேண்டும். ஒருநாள் ஜிபிஎஸ் இல்லாத ஒரு டேப்லெட், அந்த ரவுட்டரின் பக்கத்திலேயே இருந்துகொண்டு, சரோஜினி நகர் என்று காட்டியது. மிகச் சரியான பதில்.

அன்றிலிருந்து வைஃபையை அணைத்து, வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு, திரையில் விமானம் கூடவே நகர்கிறதா என்று பார்க்க ரோட்டுக்கு இறங்கிவிடுகிறேன்.